கொட்டகையில் நின்ற காரும் திண்ணையில் நின்ற ஸ்ப்ளெண்டரும்

2024 பொங்கல் விடுமுறை தொடங்கியபோது என் கையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் சேர்ந்திருந்தது. அந்தப் பணத்தில் பழைய கார் ஒன்றைப் பிரித்துச் சீர்செய்வதா, அல்லது முப்பத்து மூன்று வயதுவரை ஓட்டியே பார்த்திராத கியர் வண்டி ஒன்றை வாங்கிப் பழகுவதா என்ற யோசனை இரண்டு ஆண்டுகளாகவே எனக்கு இருந்து வந்தது. கார் ஓட்டுவதற்கான உரிமம் என்னிடம் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு இல்லை. மனைவியின் ஸ்கூட்டரைத் தெருமுனைக் கடைவரை ஓட்டிச் செல்வதோடு என் இருசக்கர அனுபவம் முடிந்திருந்தது. அன்று முதல் அக்டோபர் வரை நடந்ததை, வீண் செலவுகளையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடுமலைக்கு அருகே பெரியப்பாவின் தோட்டத்துக் கொட்டகையில் 1996-ஆம் ஆண்டின் வெள்ளை மாருதி 800 ஒன்று, 2016-இல் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று முடிந்த நாளிலிருந்து அப்படியே நின்றிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் வைத்த இன்ஜின், பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள், மொத்த எடை ஏறக்குறைய 650 கிலோ. பழகுநருக்கு இதைவிட எளிய கார் கிடைப்பது அரிது என்றே இன்றும் நினைக்கிறேன். 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை முப்பது ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட வண்டி என்பதால், உதிரி பாகங்களுக்காக அலைய வேண்டியதில்லை. நான் இருக்கும் கோவையின் உக்கடத்தில் கிடைக்காத சாமான் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்துவிடும். “எடுத்துக்கோ தம்பி, எலி குடியிருக்கறதுக்கு நீ ஓட்டுனா நல்லதுதானே” என்று பெரியப்பா சொல்லிவிட்டதால், வாங்கும் செலவும் இல்லை.

மாட்டுப்பொங்கலன்று ஒரு காந்தத்தைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தேன். தகடு நன்றாக உள்ள இடத்தில் காந்தம் ‘டப்’பென்று ஒட்டிக்கொள்ளும், துருவை மறைத்துப் பட்டி பூசிய இடத்தில் பிடிப்பில்லாமல் நழுவும். கூரையிலும் பானெட்டிலும் நன்றாக ஒட்டிய காந்தம், ஓட்டுநர் பக்கக் கதவின் அடிப்பாகத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நழுவியது. பிறகு முன்னிருக்கைக்கு அடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். அதன் அடியில் இருந்த சணல் பஞ்சு ஈரம் குடித்து மட்கிப் போயிருந்தது; அதை விலக்கியபோது உள்ளங்கையளவு ஓட்டை வழியே கொட்டகையின் மண்தரையும், அதில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையும் தெரிந்தன. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்படிவு எதுவும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். தண்ணீர் ஆயிலோடு கலந்திருந்தால் அந்த மூடி முதலில் காட்டிக் கொடுத்துவிடும்.

ஊருக்குத் திரும்பியதும், படங்களைக் காட்டி விலை விசாரித்தேன். தரைத்தகடு, பக்கவாட்டு அடிச்சட்டம், பெயின்ட் ஆகிய மூன்றுக்கும் தகடு வேலை செய்யும் டிங்கர் கேட்டது 48,000 ரூபாய். டயர்கள் 11,000, பேட்டரி 4,000, பிரேக் சிலிண்டர்கள் 6,500, கார்புரேட்டரும் டைமிங் பெல்ட்டும் ரப்பர் குழாய்களும் சேர்த்து 9,000 என்று கணக்கு ஏறியது. பதினைந்து ஆண்டுகள் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. அதோடு பசுமை வரி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வரி நீங்கலாக 2,094 ரூபாய். இலவசமாகக் கிடைத்த கார் தொண்ணூறாயிரத்தை நெருங்கியது. அதுவும், இன்ஜினை இன்னும் திறந்தே பார்க்காத நிலையில்.

சரி, மோட்டார் சைக்கிளே என்று மனம் சாய்ந்தபோது, என் தலைமுறையில் பலரையும் பிடித்தாட்டும் ஆசைதான் முதலில் வந்தது. திருப்பூரில் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட, 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்ட அந்த வண்டிக்கு விற்பவர் சொன்ன விலை 1,10,000 ரூபாய். சத்தம் என்னவோ காதில் தேன் பாய்ச்சியது. ஆனால் ஹேண்டில் கழுத்தில் பொறித்திருந்த சேஸிஸ் எண்ணின் மீது டார்ச் அடித்துப் பார்த்தபோது, கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் ஆழம் கூடியும் வரிசை பிசகியும் இருந்தன. அந்த இடத்தின் பெயின்டும் சுற்றியிருந்த கறுப்போடு ஒட்டவில்லை. அரசின் எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டபோது வந்த உரிமையாளர் பெயரின் எழுத்துகள், விற்பவரின் பெயரோடு எவ்வகையிலும் பொருந்தவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

அதற்கடுத்த வாரம் பார்த்த பழைய புல்லட்டின் காகிதங்களில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 346 சி.சி., வார்ப்பிரும்பு இன்ஜின், திருவொற்றியூர்த் தயாரிப்பு. அதை உதைக்கும் முறையே ஒரு சடங்கு: சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஸரை அழுத்திக்கொண்டு, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்லத் தள்ளி, பிறகு டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு ஒரே மிதி. உரிமையாளர் மிதித்தபோது முதல் உதையிலேயே கிளம்பியது. நான் மிதித்தபோது கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை வீங்க வைத்தது. அதைவிட முக்கியமாக, அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். பழகியவருக்கு அது பெருமை. முதன்முதலாகப் பழகுபவருக்கு, பின்னால் எந்த வண்டியில் ஏறினாலும் அவசரத்தில் தவறான காலை அழுத்த வைக்கும் பழக்கம்.

இந்தக் கட்டத்தில்தான் என் கேள்வியையே தவறாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது. காரா, மோட்டார் சைக்கிளா என்பதைவிட, பிரித்துப் போட்ட வண்டி எங்கே கிடக்கும், எத்தனை மாதம் கிடக்கும், அதுவரை நான் எதில் வேலைக்குப் போவேன் என்பவைதான் முடிவு செய்ய வேண்டிய காரியங்கள். பீளமேட்டில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் முன்திண்ணை எட்டுக்குப் பத்தடி. மாருதி 800-இன் நீளம் 3.3 மீட்டர், அதாவது பதினோரு அடி. நிறுத்தினாலே மூக்கு தெருவில் நிற்கும், பிரித்துப் போடுவது எங்கே? இன்ஜினை இறக்க வேண்டுமானால் சங்கிலிக் கப்பியும் இரண்டாவது ஆளும் வேண்டும். ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டித் தொழில் கற்ற ஜி.டி. நாயுடுவின் ஊரில் இருந்துகொண்டு, இதையெல்லாம் பார்த்தால் ஆகுமா என்று ஒரு நண்பர் கேலி செய்தார். நாயுடுவும் தொடங்கியது இரண்டு சக்கரத்தில்தானே என்று பதில் சொன்னேன்.

இரண்டாவதாக இன்னொன்றும் தெளிவானது. ஓட்டத் தெரியாதவன் கையில் பழுதுள்ள வண்டி கிடைத்தால், பிழை கையிலா வண்டியிலா என்று கடைசிவரை தெரியாது. ஆகவே முதல் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பதற்கான வண்டியாக இருக்கக் கூடாது. ஒழுங்காக ஓடுகின்ற, எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த, அழகில்லாத வண்டியாக இருக்க வேண்டும். மார்ச் இரண்டாம் வாரத்தில் 2014-ஆம் ஆண்டின் ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். 97.2 சி.சி., சுமார் 110 கிலோ, 2029 வரை ஆர்.சி. செல்லுபடி, 714 ரூபாய் மூன்றாம் நபர் காப்பீடு. விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆயில் மாற்றிய தேதிகளை ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்த பிறகு நான் பேரம் பேசவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டை 2,400 ரூபாய்க்கு வாங்கிய பிறகே சாவியைத் தொட்டேன்.

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் எடுத்த பின் முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தேவையானதாகவே இருந்தது. ஞாயிறு காலைகளில் கொடிசியா பக்கத்துச் சாலையில், சுண்ணாம்புப் பொடியால் எட்டு வரைந்து பழகினேன். முதல் நாள் பத்துச் சுற்றில் ஒன்பது முறை காலை ஊன்றினேன். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் பிழை. போகப்போகும் வளைவின் கோடியைப் பார்த்தால் வண்டி தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது. பாதிக் கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், முன் பிரேக்கில் விரலே இல்லை. மூன்றாம் ஞாயிறன்று கால் ஊன்றாமல் அந்த எட்டு வடிவத்தை முழுவதும் சுற்றி வந்தேன். ஏப்ரல் இறுதியில் நடந்த தேர்விலும் எட்டு சரியாக விழுந்தது.

மே மாதத்தில், முதல் கியரில் கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறத் தொடங்கியது. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று நானே தீர்மானித்து, புதிய பிளேட்டுகளையும் வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, “பிளேட்டு நல்லாத்தானுங்க இருக்குது, நீங்க ஆக்ஸிலேட்டர் குடுக்காம கிளட்ச்சை விடறீங்க, செயினும் தொங்குது” என்று சொல்லி, செயினை மட்டும் முறுக்கிக் கொடுத்தார். வாங்கிய பிளேட்டுகள் இன்றும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. நல்ல வண்டியிலேயே இப்படியென்றால், கைக்குக் கை மாறிய அந்த ஆர்.எக்ஸில் எதையெல்லாம் கழற்றியிருப்பேனோ!

ஜூலையில் மூன்று வாரம் ஊரில் இல்லாமல் திரும்பியபோது, சோக் போட்டால் ஓடிய இன்ஜின், சோக்கை எடுத்ததும் நின்றது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான சிறிய ஜெட் அடைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. நான் தனியாகப் பிரித்த முதல் பாகம் அந்தக் கார்புரேட்டர்தான். திருகுகள் கலந்துவிடாமல் இருக்க, வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த பழைய இட்லித் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு திருகாக, கழற்றிய வரிசையிலேயே போட்டு வைத்தேன். இதைவிடச் சிறந்த கருவி எந்த ஹார்டுவேர் கடையிலும் இல்லை. காற்றுத் திருகைக் கழற்றும் முன் அதை முழுவதும் உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டேன். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனையளவு ஒளி தெரிய வேண்டும். என் ஜெட்டில் இருட்டாக இருந்தது. மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விட்டு, பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பால் ஊதிய பிறகு ஒளி வந்தது. இரண்டாவது உதையில் கிளம்பி, சோக் இல்லாமல் சீராக நின்று ஓடியது. அன்று சாப்பாட்டுத் தட்டில் பெட்ரோல் வாசம் வந்ததாக வீட்டில் எழுந்த புகாரை நான் மறுக்கவில்லை.

அந்த வெற்றி தந்த துணிச்சலில், ஆகஸ்டில் டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதைத் திறக்கும் ராக்கர் கைக்கும் இடையிலான இடைவெளியை, சரிசெய்யப் போய் மாட்டிக்கொண்டேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிளைவீலில் உள்ள ‘டி’ குறியை இன்ஜின் மூடியின் சிறு ஜன்னலில் உள்ள கோட்டுக்கு நேராக நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இடைவெளியைப் பார்க்க வேண்டும். நான் மறந்தது ஒன்றுதான்: ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தக் குறி இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை நேர்வரும், அதில் ஒருமுறைதான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். புகை வெளியேறி முடியும் தறுவாயில், வால்வுகள் சற்றே திறந்திருந்த நிலையில் நான் இடைவெளியை வைத்துவிட்டேன். கிளப்பியதும் வண்டி விசைத்தறி ஓடுவதுபோல் டக்டக்கென்று அடித்தது. உடனே நிறுத்தி, பிளைவீலை இன்னொரு முழுச் சுற்றுத் திருப்பி, ராக்கர் இரண்டும் விரலால் ஆட்டினால் லேசாக ஆடுகின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன். சத்தம் அடங்கியது. அந்தப் பிற்பகல் முழுவதும் அதற்கே போனாலும், வால்வு எப்போது திறக்கிறது என்பதை இனி மறக்க மாட்டேன்.

செப்டம்பர் இறுதிவரை வண்டிக்கும் ஹெல்மெட்டுக்கும் உரிமத்துக்கும் கருவிகளுக்கும், தேவையில்லாமல் வாங்கிய கிளட்ச் பிளேட்டுக்கும் சேர்த்து 47,600 ரூபாய் செலவானது. மீதி வங்கியில் இருக்கிறது. கார் இருந்த இடத்திலேயே, இலவச நிழலில், வாடகை கேட்காத கொட்டகையில் நிற்கிறது. என் வீட்டில் இல்லாத வசதி அங்கே இருக்கிறது என்பது எனக்குத் தோன்ற ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை விடியற்காலையில் ஸ்ப்ளெண்டரிலேயே உடுமலைக்குப் போனேன். காரின் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு, ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போய், பின்சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுத்து, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி, கியரை நான்கில் போட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முதலில் அசையவில்லை. பெரியப்பாவும் ஒரு கை கொடுத்தார். விரற்கடை அளவு நகர்ந்து, பிறகு எண்ணெய்ச் செக்கு மெல்லச் சுழல்வதுபோல் முழுச் சுற்றும் வந்தது. பிளக் துளை ஒன்றிலிருந்து கறுத்த ஆயில் தெறித்துப் பெரியப்பாவின் வேட்டியில் விழுந்தது. இன்ஜின் இறுகவில்லை. தரைத்தகட்டு வேலையை வரும் தை மாதத்தில் தொடங்கலாம் என்று உடுமலை டிங்கரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை, வெட்ட வேண்டிய தகட்டின் அளவை அட்டையில் வரைந்து எடுத்தாக வேண்டும்.