கட்டடம் சரி, அப்புறம்?

வீடில்லாதவர்களுக்கு அரசுப் பணத்தில் வாடகை வீடு என்றதும் எல்லோரும் கட்டடச் செலவைத்தான் கேட்கிறார்கள். அது ஒருமுறைச் செலவு. மானியமாகக் கிடைத்துவிட்டால் கடனும் வட்டியும் இல்லை, வாடகையும் குறையும். சரி, அப்புறம்? லிஃப்ட் பழுது, ஒழுகும் குழாய், இரவுக் காவலர், குடியிருப்பவர்களுக்குத் துணை நிற்கும் ஊழியரின் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வந்து நிற்கும். வருமானத்தில் 30 சதவீதம் வாடகை என்று வைத்தால், வருமானமே இல்லாதவரிடம் என்ன வாங்குவது? அந்தப் பள்ளத்தை யாராவது வருடக்கணக்கில் நிரப்பியாக வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அதன்பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

பின்லாந்து 2008இல் வீடில்லாதவர்களுக்காக 'முதலில் வீடு' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. தலைநகர் ஹெல்சிங்கியில் வீடில்லாதவர்களுக்காக 250 படுக்கை போட்டிருந்த ஒரு விடுதியையே சுமார் 80 தனி வீடுகளாக மாற்றினார்கள். குடியிருப்பவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், கையில் சாவி. குடிப்பழக்கத்தை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையும் கிடையாது (இதைச் சொன்னால் இன்னும் பலருக்குக் கோபம் வருகிறது).

எனக்குப் பிடித்தது அந்தச் சாவிதான். விடுதிப் படுக்கை என்றால் காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். சாவி இருந்தால் காய்ச்சலடிக்கும் நாளில் பகலிலும் படுத்துக் கிடக்கலாம்.