மீதிக் கணக்கில் விடை தேடாமல் ‘போதுமா’ என்று பார்க்கப் பழகியது

கிளிநொச்சியில் வேலை பார்த்துக்கொண்டேதான் ஜிமேட் (GMAT) என்ற, மேலாண்மைப் பட்டமேற்படிப்பில் சேர்வதற்கான பரீட்சைக்குப் படித்தேன். வகுத்தல், காரணி, பொ.ம.சி. (பொது மடங்குகளில் சிறியது) எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். புதிதாக இருந்தது கேள்வி கேட்கும் விதம். ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். விடையைச் சொல்ல வேண்டாம். அதைத் தீர்மானிக்க ஒரு கூற்றுப் போதுமா, இரண்டும் சேர வேண்டுமா, சேர்ந்தும் போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். இப்போதைய வடிவத்தில் இந்த வகை வருகிற பகுதிக்கு 45 நிமிடம், 20 கேள்வி.

எனக்கு வழி திறந்தது புதுக்குடியிருப்பில் கணிதம் படிப்பிக்கும் ஒரு டீச்சரால். “சமன்பாட்டை விடும் தம்பி, முதல் எண்களை வரிசையா எழுதும் பாப்பம்” என்றார். அவர் தந்த கணக்கு இது: n ஐ 6 ஆல் வகுத்தால் மீதி என்ன? கூற்று ஒன்று: 3 ஆல் வகுத்தால் மீதி 2. கூற்று இரண்டு: 4 ஆல் வகுத்தால் மீதி 3.

முதல் கூற்றுக்கு 2, 5, 8, 11 என்று எழுதினேன். 6 ஆல் வகுத்தால் 2 க்கு மீதி 2, 5 க்கு மீதி 5. இரண்டு விதமான மீதி வந்துவிட்டது, அந்தக் கூற்றுப் போதாது, அதோடு நிறுத்தலாம். (வகுக்கும் எண்ணைவிடச் சிறிய எண்ணைப் பலர் எழுதுவதே இல்லை. விஷயம் பாதி நேரம் அங்கேதான் முடிகிறது.) இரண்டாவதில் 3, 7, மீதி 3, 1. அதுவும் போதாது. சேர்த்துப் பார்த்தால் 11, 23, 35. எல்லாவற்றுக்கும் மீதி 5.

மூன்று எண்ணைப் பார்த்துவிட்டு ‘எப்போதும் 5’ என்று நம்பலாமா? இங்கேதான் எனக்குக் கணக்கு பிடித்துப்போனது. இரண்டு கூற்றிலும் மீதியில்லாமல் வகுபட n க்கு ஒன்றுதான் குறைகிறது. ஆகவே n+1, 3 ஆலும் வகுபடும், 4 ஆலும் வகுபடும், அதனால் 12 ஆலும் வகுபடும். 12 ஆல் வகுபட்டால் 6 ஆலும் வகுபடும். n அதைவிட ஒன்று குறைவு, மீதி 5 தான். சரி, அதே கூற்றுகளை வைத்து 8 ஆல் வகுத்தால் வரும் மீதியைக் கேட்டால்? 11 க்கு 3, 23 க்கு 7. போதாது. 12 இன் மீதி தெரிந்தால் அதன் காரணிகளான 2, 3, 4, 6 இன் மீதிகளும் கைக்கு வந்துவிடும். 8, 12 இன் காரணி இல்லை.

வகுபடும் கேள்விகளிலும் இதே நூல்தான் ஓடுகிறது. ஓர் எண் 4 ஆலும் 6 ஆலும் வகுபட்டால் 24 ஆல் வகுபடும் என்று கை தானாக எழுதப் போகும். 12 ஐப் போட்டுப் பாருங்கள். பெருக்கக் கூடாது, பொ.ம.சி. எடுக்க வேண்டும்.

அப்புறம் வர்க்கம் வைத்து வருபவை. n ஒரு நேர் முழுஎண், n² 72 ஆல் வகுபடுகிறது. n 12 ஆல் வகுபடுமா? 72 என்பது மூன்று 2, இரண்டு 3. வர்க்கத்தில் முதன்மைக் காரணிகள் சோடி சோடியாகத்தான் வரும், எனவே n² இல் குறைந்தது நான்கு 2 இருக்கும். n இல் இரண்டு 2, ஒரு 3. வகுபடும், கூற்றுப் போதும். 36 ஆல் வகுபடுமா என்று கேட்டால் 12 ஐயும் 36 ஐயும் போட்டுப் பார்த்துவிட்டு, போதாது என்று குறித்து அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.