அந்தச் சப்பாத்து யாருடையது?

முல்லைத்தீவு மாவட்டத்தில் மிதிவெடி அபாயக் கல்விப் பணியாளராக இருந்த ஆண்டுகளில், நான் ஒரே பாடத்தைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனேன். அறியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, கண்ட இடத்தை நினைவில் வைத்துப் பெரியவர்களிடம் சொல் என்ற மூன்று வாக்கியங்களை வீதி நாடகமாகவும் பாட்டாகவும் சுவரொட்டியாகவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். 2013 ஆம் ஆண்டளவில் எங்கள் வாகனம் பாடசாலை வாசலில் நின்றதுமே பிள்ளைகள் அவற்றை ஒரே மூச்சில் ஒப்புவிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பாலைப்பழக் காலம் வந்ததும் அதே பிள்ளைகள் மிதிவெடி அபாயத்தைக் காட்டச் சிவப்புக் கட்டைகள் நாட்டிய எல்லைக்கு அப்பாலும் போனார்கள். உதடு ஒட்டும் அளவுக்குப் பழம் தின்றுவிட்டு வந்து, எங்கள் கேள்விகளுக்கு எல்லாம் பிழையின்றி விடை சொன்னார்கள். பாடம் நாவில் இருந்தது, காலில் இல்லை என்பது எனக்குக் கவலையாகவே இருந்தது.

பிள்ளைகளும் எங்களால் களைத்துப்போயிருந்தார்கள். ஒரு மாலையாவது பாடம் எதுவும் இல்லாமல் ஒரு படம் போட்டுக் காட்டலாம் என்று என்னுடன் பணியாற்றிய ஒருவர் சொன்னபோது, நான் உடனே சம்மதித்தேன். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழில் பேசாத படத்தைக் காட்டுவது எப்படி என்பதுதான் சிக்கலாக இருந்தது. அதற்குப் பொருத்தமாகக் கிடைத்தது ‘வோல்-ஈ’ என்ற அனிமேஷன் படம். பிக்சார் நிறுவனத்துக்காக அன்ட்ரூ ஸ்டான்டன் இயக்கிய அந்தப் படத்தின் தொடக்கப் பகுதியில், ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பேச்சு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சிறிய இயந்திரம் ஒன்றின் கண்ணசைவும் முனகலும் கதையை நகர்த்திவிடும்.

அந்தப் படம் வெளிவந்தது 2008 ஜூன் மாத இறுதியில். மன்னார்ப் பக்கத்துச் சனம் மாட்டு வண்டியிலும் லாண்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திரத்திலும் வீட்டுக் கூரைத் தகரத்தைக்கூட ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு அந்தப் படம் ஒஸ்கார் விருது பெற்று மூன்று மாதங்களுக்குள் போர் முடிந்தபோது, ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களுக்குள் இருந்தார்கள். வவுனியாவின் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை அங்கேயே எழுதப் படித்த பிள்ளைகள் சிலரும், நான் படம் காட்டப்போன அந்த ஊரில் இருந்தார்கள். படம் வெளிவந்த காலத்தை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் எண்ணியபோது, இந்தப் பிள்ளைகள் வேறு யாரையும்விடத் தாமதமாக அதைப் பார்த்தார்கள் என்பதும், வேறு யாரையும்விட நெருக்கமாகப் பார்த்தார்கள் என்பதும் தெரிந்தது.

சோளகக் காற்று அடிக்கும் மாதம் அது. பாதிக் கூரையே மிஞ்சியிருந்த பாடசாலை மண்டபத்தில் இரண்டு தூண்களுக்கு இடையே வெள்ளைச் சேலையை இழுத்துக் கட்டினோம். ஊருக்கு மின்சாரம் வந்திராதபடியால், ஜெனரேற்றரைச் சத்தம் கேட்காத தூரத்தில், கிணற்றடிக்கு அப்பால் வைத்தோம். முன்வரிசையில் பாயில் பிள்ளைகளும், பின்னால் தாய்மாரும், வாசலில் சில முதியவர்களும் இருந்தார்கள். படத்தில் புழுதிப் புயல் எழுந்தபோது எங்கள் திரையும் காற்றில் பொம்மியது.

கதை எளிமையானது. கி.பி. 2805 இல் பூமி முழுவதும் குப்பை மூடிக் கிடக்கிறது. மனிதர்கள் 700 ஆண்டுகளுக்கு முன்பே விண்கலத்தில் ஏறிப் போய்விட்டார்கள். குப்பையை அள்ளித் தன் வயிற்றுக்குள் அமுக்கிக் கட்டிகளாக்கி அடுக்கும் இயந்திரம் ஒன்று மட்டும், தனக்கு இடப்பட்ட வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. தனக்குப் பிடித்த சிறு பொருள்களை அது எடுத்துச் சேர்க்கிறது. ஒரு பெட்டிக்குள் வைர மோதிரத்தைக் கண்டு, மோதிரத்தை எறிந்துவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் தாய்மார் நெடுநேரம் சிரித்தார்கள்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. இயந்திரம் குனிந்து எதையாவது எடுக்கும்போதெல்லாம் முன்வரிசை இறுகியது. முதலில் ஒரு சிறுவன், “தொடாத!” என்று கத்தினான். அடுத்த பொருளுக்கு நாலைந்து குரல்கள் சேர்ந்தன. பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் கதவை அது லேசர் கதிரால் வெட்டித் திறந்தபோது முன்வரிசை முழுவதுமே கத்தியது. என் பக்கத்தில் இருந்த பையன் என் கையைப் பிடித்து, “சேர், உவனுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லையோ?” என்று கேட்டான்.

நான் எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் இருந்திருக்கிறேன். எங்கள் பாடம் எந்த அளவுக்குப் பிள்ளைகளுக்குள் இறங்கியிருக்கிறது என்பதை அந்த ஒரு கேள்வி காட்டியதுபோல் எந்த மதிப்பீட்டுப் படிவமும் காட்டியதில்லை. அதில் ஆறுதலும் இருந்தது, துயரமும் இருந்தது. உலகத்தின் பிற பிள்ளைகள் ஒரு நல்ல இயந்திரத்தின் ஆர்வத்தை ரசித்த இடத்தில், எங்கள் பிள்ளைகள் விபத்துக்காகக் காத்திருந்தார்கள். தரையில் கிடக்கும் பொருளை எடுத்துப் புரட்டிப் பார்க்கும் ஆசை குழந்தைமையின் பாதி. அந்தப் பாதியை அடக்கிவைக்கச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்கினேன். வேறு வழியும் இருக்கவில்லை. பிளாஸ்டிக் உடலோடு செய்யப்பட்ட மிதிவெடி மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உக்காமல் கிடக்கும். பொலித்தீன் பையையும் போத்தலையும் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் சுற்றாடல் பாடத்தில் இதுவும் ஒரு குப்பை என்று சேர்க்கப்பட வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது ஒரு சிறு செடி. அதுவரை படத்தில் கண்ணில் படாத பச்சை. இயந்திரம் அதை மண்ணோடு அள்ளி எடுத்து ஒரு பழைய சப்பாத்துக்குள் வைத்தது. மண்டபத்தில் சட்டென்று சத்தம் அடங்கியது. பிள்ளைகள் செடியைப் பார்த்து வியக்கிறார்கள் என்றே நான் முதலில் எண்ணினேன். அப்போது இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்க வேண்டும், திரும்பி என்னிடம் மெல்லக் கேட்டாள்: “அந்தச் சப்பாத்து ஆரின்ர, சேர்?”

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மையான விடைதான். படத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. 700 ஆண்டு பழைய குப்பைக்கு உரிமையாளர் இல்லை. மோதிரப் பெட்டி யாருடையது, சப்பாத்து எந்தக் காலில் இருந்தது என்பதெல்லாம் அந்தக் கதைக்குத் தேவையற்றவை. மனிதரின் நுகர்வு வெறி பூமியைக் குப்பைமேடாக்கிவிடும் என்பதைச் சொல்வதற்கு, குப்பை பெயரற்றதாக இருப்பதே வசதி. அந்த எச்சரிக்கையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் வன்னியில் குவிந்து கிடந்தவை பெயரற்றவை அல்ல. முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்த சைக்கிள்களும் பஸ்களும் லொறிகளும் மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் படத்தில் வரும் குப்பைக் கோபுரங்கள் கற்பனையாகத் தோன்றியிருக்காது. அத்தகைய குவியல் ஒன்றில் ஒரு தாய் தன் மகனுடைய சைக்கிளைத் தேடியதை நான் நேரில் பார்த்தேன். வாங்கியபோது கொடுத்த பற்றுச்சீட்டைப் பொலித்தீனில் சுற்றி எல்லா இடப்பெயர்வுகளிலும் காப்பாற்றி வைத்திருந்தார். அதிலிருந்த பிரேம் இலக்கத்தை ஒவ்வொரு சைக்கிளாகத் துருவைச் சுரண்டி ஒப்பிட்டார். பழைய இரும்பு வாங்குபவர்களின் லொறி வெளியே காத்து நின்றது. துப்புரவு என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் அவதானமாகவே பயன்படுத்துகிறேன். ஒரு நிலத்தைத் துப்புரவாக்குவதற்கு முன்னர் அங்கே கிடப்பது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிறுமி அதைத்தான் கேட்டாள்.

மீதிப் படத்தைப் பிள்ளைகள் தங்கள் கதையாகவே பார்த்தார்கள். பூமி மீண்டும் வாழத்தக்கதாகிவிட்டது என்பதற்கு அந்தச் செடியே சான்று. அதைக் காட்டினால்தான் விண்கலத்து மனிதர்கள் ஊர் திரும்பலாம். நிலம் பாதுகாப்பானது என்று அத்தாட்சி கிடைக்கும் வரை தங்கள் காணியைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. விண்கலத்தைச் செலுத்தும் இயந்திரம், திரும்பக் கூடாது என்ற பழைய கட்டளையைப் பிடித்துக்கொண்டு செடியை ஒழிக்க முயன்றபோது, சிறுவர்களோடு பின்னால் இருந்த தாய்மாரும் சேர்ந்தே கத்தினார்கள்.

திரும்பி வருவதைப் படம் மிக இலகுவாக்கிவிட்டது என்பது என் குறை. விண்கலம் இறங்குகிறது, தலைவர் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துச் செடியை நடுகிறார், அவ்வளவுதான். முதல் மழைக்குத் தறப்பாள் ஒழுகுவதும், முதல் போகத்துக்கு விதைநெல் இல்லாமல் நிற்பதும் அதில் இல்லை. ஆனால் அந்தக் குறையை நான் பாதியேனும் திரும்பப் பெற வேண்டும். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஜெனரேற்றரை நிறுத்தச் சொல்லி நான் கை காட்டினேன். வாசலில் இருந்த ஒரு முதியவர், “நிப்பாட்டாதையுங்கோ தம்பி, விதைக்கினம், பாப்பம்” என்றார். பெயர்களோடு, குகை ஓவியத்தில் தொடங்கி ஒவ்வொரு காலத்து ஓவிய முறையிலும், மனிதர்களும் இயந்திரங்களும் சேர்ந்து நெருப்பு மூட்டுவதும் பயிரிடுவதும் மீன் பிடிப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த முதியவர் எழுந்து திரைக்குக் கிட்டவே வந்துவிட்டார். தன் காணிக்குத் திரும்பியபோது கிணற்றை மூன்று தரம் இறைத்த பிறகுதான் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க மனம் வந்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பெரிய மரம் வந்தது. படம் அதன் அடிவரைக்கும் இறங்கியபோது, வேர்களுக்கு நடுவே அந்தச் சப்பாத்து இருந்தது.

அடுத்த கிழமை அதே பாடசாலைக்குப் போனபோது மூன்று வாக்கியங்களை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. படத்தில் பிடித்ததைக் கீறச் சொல்லிக் கடதாசியும் வர்ணக்குச்சிகளும் கொடுத்தேன். ஒரு பையன் இயந்திரத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டைகள் நாட்டியிருந்தான். காட்டுக்குள் எந்த இடம் வரை போகலாம் என்ற பேச்சு அவன் கீறிய அந்தப் படத்திலிருந்துதான் தொடங்கியது. பாலைமரம் எங்கெங்கே நிற்கிறது, எந்தப் பாதையால் போகிறார்கள் என்று அதுவரை எங்களுக்குச் சொல்லாததையெல்லாம் பிள்ளைகள் சொன்னார்கள். மிதிவெடி அகற்றுபவர்களிடம் கொடுப்பதற்காக அவற்றை நான் குறித்துக்கொண்டேன்.

அந்தச் சிறுமி மரத்தையும் வேரையும் சப்பாத்தையும் கீறியிருந்தாள். சப்பாத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மற்றப் பிள்ளைகளின் படங்களோடு அதுவும் அந்தத் தவணை முடியும் வரை வகுப்பறைச் சுவரில் இருந்தது.