இன்வர்கார்கிலில் ஃப்ரேம் இல்லாத பைக்

டனீடினிலிருந்து தெற்கே காரில் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் இன்வர்கார்கில் வந்துவிடும். நியூசிலாந்தின் தென்கோடி நகரம். வழி நெடுக ஆட்டு மந்தைகள், பச்சை மேடுகள், சொல்லாமல் வரும் மழை. சுற்றுலா வருகிறவர்களில் நிறைய பேர் குவீன்ஸ்டவுனோடு திரும்பிவிடுகிறார்கள். பைக் பிடிக்கும் என்றால் அப்படித் திரும்பாதீர்கள். இங்கே டே தெருவில் 'கிளாசிக் மோட்டார்சைக்கிள் மெக்கா' என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள். நான் போனது பிரிட்டன் வி1000 என்ற பைக்கைப் பார்க்க.

கிறைஸ்ட்சர்ச்சைச் சேர்ந்த ஜான் பிரிட்டன் 1990-களின் தொடக்கத்தில் சில நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய ரேஸ் பைக் அது. உலகத்தில் மொத்தமே பத்துதான்.

கூட வந்த மச்சான் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "என்ன மச்சான், ஃப்ரேமையே காணோம்?" என்றான். கேள்வி சரிதான். வழக்கமாக ஃப்ரேம் என்ற சட்டத்துக்குள் இன்ஜினை உட்கார வைப்பார்கள். இதில் 999 சிசி வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) இன்ஜின்தான் முதுகெலும்பு. முன்னால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், பின்னால் பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்ம், மேலே சீட், எல்லாமே அதோடுதான் வந்து சேர்கின்றன. ரேடியேட்டர் சீட்டுக்கு அடியில். பின் சக்கரத்துக்கான ஷாக் அப்சார்பர் இன்ஜினுக்கு முன்னால்! குனிந்து பார்த்தால் முன் ஃபோர்க்கில் வழக்கமான குழாய்கள் இல்லை. கார்பன் ஃபைபரில் செய்த தட்டையான இரண்டு கரங்கள். ஸ்விங் ஆர்மும் கார்பன், வீல்களும் கார்பன். வண்டியின் எடை சுமார் 138 கிலோ. 1000 சிசி பைக்குக்கு இது எவ்வளவு குறைவு என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

என்னை அதிக நேரம் நிற்க வைத்தது வீல்தான். வண்டியில் எங்கே எடை குறைத்தாலும் நல்லதுதான், ஆனால் வீலில் குறைப்பதற்கு ஈடே கிடையாது. சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழலவிட்டுச் சாய்த்துப் பாருங்கள், அது முரண்டு பிடிக்கும். பைக்கை வளைவில் படுக்கப் போடும்போது ஓட்டுகிறவர் அந்த முரண்டோடுதான் மல்லுக்கட்டுகிறார். விளிம்பில் எடை குறைந்தால் வண்டி சட்டென்று சாயும், சீக்கிரம் வேகமெடுக்கும், சீக்கிரம் நிற்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடையும் குறைவதால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாது.

உலோக வீல் வேண்டுமென்றால் வார்ப்பாலையோ, உலோகத்தை அழுத்தி வடிவமாக்கும் ஃபோர்ஜிங் பிரஸ்ஸோ வேண்டும். கார்பனுக்கு அந்த இழைத் துணியும், அதை இறுக்கும் ரெசின் பசையும், அச்சும் பொறுமையும் இருந்தால் ஒரு பட்டறையிலேயே ஆரம்பித்துவிடலாம். எந்த இழை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைக் கையால் அடுக்குகிறவரே முடிவு செய்கிறார். பிரிட்டனுக்கு அது அப்படியே பொருந்தியது. இன்ஜினையும் அவரே உருவாக்கியவர். வார்த்த பாகங்களை மனைவியின் மண்பாண்டச் சூளையில் சூடேற்றிப் பதப்படுத்தினார்.

1992-இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் இத்தாலியின் டுகாட்டி பைக்கோடு சரிக்குச் சரி மோதிக்கொண்டிருந்தபோது மின் கோளாறில் வண்டி நின்றுபோனது. 1994-இல் அதே டேடோனாவில் ஆண்ட்ரூ ஸ்ட்ரவுட் இந்த வண்டியில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே, 45 வயதில், புற்றுநோய் பிரிட்டனைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார் என்ற எண்ணம் அந்த வண்டிக்கு முன்னால் நிற்கும்போது வராமல் இருக்காது.

பெரிய கம்பெனிகள் கார்பன் பக்கம் வந்த கதையும் லேசானதல்ல. டுகாட்டி 2009-இல் உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியில் கார்பன் ஃப்ரேமோடு இறங்கிப் பந்தயங்களையும் ஜெயித்தது. ஆனால் 2012-இல் அலுமினியத்துக்குப் போய்விட்டது. வண்டி முழுதாகச் சாய்ந்திருக்கும்போது சஸ்பென்ஷனால் பெரிதாக வேலை செய்ய முடியாது, ஃப்ரேம்தான் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். கார்பனில் அந்த வளைவைச் சரியான அளவில் கொண்டுவருவதுதான் கஷ்டம். அப்புறம் 2017-இல் பிஎம்டபிள்யூ எச்பி4 ரேஸ் வந்தது: 7.8 கிலோ எடையில் கார்பன் ஃப்ரேம், கார்பன் வீல், மொத்தம் 750 வண்டிகள். அதே ஆண்டு டுகாட்டி 1299 சூப்பர்லெஜெரா, 500 வண்டிகள். அவையும் அபாரமான வண்டிகள்தான். என் ஓட்டு பட்டறையில் பிறந்ததற்கே.

மெக்காவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பிறகு டீ தெருவில் இருக்கும் ஈ. ஹேய்ஸ் கடைக்குப் போங்கள், நடக்கிற தூரம்தான். நட்டும் போல்ட்டும் விற்கிற சாதாரண ஹார்டுவேர் கடை. 1967-இல் அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் வேகச் சாதனை படைத்த பர்ட் மன்ரோவின் இண்டியன் பைக் அங்கே இருக்கிறது. மன்ரோவும் பிஸ்டனைத் தானே வார்த்துக்கொண்டவர்.