மாதக் கணக்கில் வராத செலவுகள்

பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஜூன் முதல் வாரம் வந்துவிட்டால் என் இரண்டரைச் சவரன் சங்கிலி அடகுக்குப் போய்விடும். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் என் கணவர் செய்யும் முதல் வேலை அதை மீட்டு வருவதுதான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஒரே மூச்சில் கட்ட வேண்டியிருப்பதால் இது தவிர்க்க முடியாதது என்றே இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். வரவு செலவு எழுதாத வீடு என்று எங்களைச் சொல்லிவிட முடியாது. திருமணமான மாதத்திலிருந்தே நான் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். பால், மளிகை, காய்கறி, எரிவாயு உருளை, பேருந்துக் கட்டணம் என எதுவும் விடுபட்டதில்லை. அப்படியும் ஆண்டுதோறும் சங்கிலி அடகுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

2017 டிசம்பரில் ஒருநாள் அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதப் பக்கங்களையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் பிழை புரிந்தது. அப்போது கணவரின் சம்பளம் 34,000 ரூபாய். மாதச் செலவு, அஞ்சலகத்தில் பிள்ளைகள் பெயரில் கட்டும் 2,000 ரூபாய் தொடர் வைப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 28,000 ரூபாய். ஆக மாதம் 6,000 ரூபாய் மிஞ்சுவதாக நான் நினைத்திருந்தேன். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்துபோகும் செலவுகளைத் தனித்தாளில் எழுதிக் கூட்டியபோது கிடைத்த தொகை வேறு கதை சொன்னது. இரு பருவங்களுக்கான பள்ளிக் கட்டணம் 42,000, தீபாவளி 18,000, பொங்கல் 6,000, சொத்து வரி 2,900, வண்டிக் காப்பீடும் பழுதுபார்ப்பும் 5,500, குலதெய்வக் கோயிலுக்குப் போய்வரும் செலவு 7,000, மொய் 14,600. மொத்தம் 96,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 8,000 ரூபாய். ஆக, மாதம் 6,000 ரூபாய் மிஞ்சிய வீடு அல்ல எங்களுடையது. மாதம் 2,000 ரூபாய் பற்றாக்குறையில் ஓடிய வீடு.

ஆண்டுக்கு அந்தப் பற்றாக்குறை 24,000 ரூபாய். நாங்கள் சங்கிலியின் மேல் வாங்கிய கடனும் அதே அளவுதான். அஞ்சலகத்தில் சேமித்ததும் அதே அளவுதான். சேமிக்கிறோம் என்ற மனநிறைவோடு ஒரு கையால் கட்டிய பணத்தை மறு கையால் கடனாக வாங்கி, வைப்புக்குக் கிடைத்த வட்டியைவிட மிகுதியான வட்டியை அடகுக்குக் கொடுத்திருக்கிறோம். அன்று இரவு என் கணவரிடம் அந்தத் தாளைக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் இத்தனை வருடமாக எனக்குப் போனஸே வரவில்லை என்று சொல்" என்றார். அது முற்றிலும் உண்மை.

தொடர் வைப்பை நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தோம். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக் காலம் உடையது. மூன்றாண்டு முடிந்த பிறகுதான் இடையில் முடித்துக்கொள்ள முடியும். அதைக் கலைப்பதற்கு மாறாக, அருகிலுள்ள வங்கியில் என் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கி, சம்பளம் வந்த மறுநாளே 6,000 ரூபாயை அதில் போடத் தொடங்கினோம். அந்தக் கணக்கை எந்தக் கைப்பேசிச் செயலியோடும் இன்றுவரை இணைக்கவில்லை. பணம் எடுக்க வேண்டுமானால் வங்கிக்கு நடந்து போக வேண்டும். அந்த நடையே பல தேவையற்ற செலவுகளைத் தடுத்திருக்கிறது. எங்கள் அடுத்த தெருவில் ஒருவர் நடத்திய தீபாவளிச் சீட்டில் சேரும்படி அந்த நேரத்தில் பலரும் அழைத்தார்கள். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் பெறாமல் யாரும் சீட்டு நடத்தக் கூடாது என்பது தெரிந்திருந்ததால் நான் சேரவில்லை. சேர்ந்தவர்களில் சிலர் இன்றும் தங்கள் பணத்துக்காக அலைகிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அந்தத் தாளில் எனக்கு மிகவும் கடினமாக இருந்த வரி மொய்தான். கணவரின் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்துகள் நடப்பதும், பல குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்து விருந்து வைத்து மொய் வாங்குவதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே மொய் அன்பளிப்பு அல்ல. எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வாங்கியதைவிடச் சற்றுக் கூட்டிச் செய்வதே முறை. இதை எப்படி முன்கூட்டிக் கணிப்பது என்று நான் திகைத்து நின்றபோது, அத்தை (கணவரின் தாயார்) தம் இரும்புப் பெட்டியிலிருந்து மூன்று மொய் நோட்டுகளை எடுத்துவந்து கொடுத்தார். எங்கள் திருமணத்துக்கும், பிள்ளைகளின் காதுகுத்துக்கும் யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அவற்றில் ஊர்வாரியாக இருந்தது. அவர் வரிவரியாக விரல் வைத்து, "இவர்கள் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், தையில் இருக்கும், இவர்கள் வீடு கட்டி முடிக்கப் போகிறார்கள்" என்று சொல்லச் சொல்ல, அடுத்த ஆண்டுக்கான மொய்யைப் பெரும்பாலும் சரியாக எழுதிவிட முடிந்தது. பள்ளிப் படிப்பைத் தாண்டாத அத்தையிடம் இப்படியொரு வரவு செலவுத் திட்டம் இத்தனை காலமாக இருந்திருக்கிறது, நான்தான் கேட்டதில்லை. தாம் சேர்த்துவைத்திருந்த சிறுவாட்டுப் பணத்திலிருந்தும் 3,000 ரூபாயை அந்தக் கணக்கில் போடச் சொல்லிக் கொடுத்தார்.

முதலாண்டு முழு வெற்றி கிடைக்கவில்லை. 2018 ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு 7,000 ரூபாய் குறைந்தது. அதை என் அண்ணனிடம் கைமாற்றாக வாங்கிப் போனஸில் திருப்பிக் கொடுத்தோம்; ஆனால் சங்கிலி கழுத்தை விட்டு இறங்கவில்லை. மாதம் 6,000 என்பதை 8,000 ஆக்க, நாள்செலவில் கைவைக்க வேண்டியிருந்தது. நியாய விலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும், லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையும் வரிசையில் நிற்கச் சலித்து விட்டுவிட்டிருந்தோம். மறுபடி வாங்கத் தொடங்கினோம். மளிகையை வாரந்தோறும் வாங்காமல் மாதம் ஒரு முறை பட்டியல் எழுதி வாங்கினோம். இவை எல்லாரும் அறிந்தவை என்பதால் விரிக்கவில்லை.

மின்கட்டணம் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான குறைந்த விலை கைவிட்டுப் போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அத்தையின் அறைக்கு ஏசி வாங்கிய பிறகு வந்த கோடையில் இதை நான் பட்டறிந்தேன். அதிலிருந்து கணக்கெடுப்புத் தேதிக்குப் பின் முப்பதாம் நாள் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் சலவை இயந்திரத்தையும் நீர்மோட்டாரையும் சற்று அடக்கி ஓட்டுகிறோம். அத்தையின் ஏசியை மட்டும் தொடுவதில்லை.

சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கிறது. சிறு தொகைதான், ஆனால் பணம் முன்கூட்டியே தயாராக இருக்கும் வீட்டுக்குத்தான் அது கிடைக்கும்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது அந்தக் கணக்கில் 31,000 ரூபாய் இருந்தது. கணவருக்கு இரண்டு மாதம் பாதிச் சம்பளமே வந்தது. திருமணங்கள் தள்ளிப்போனதால் மொய்க்கு ஒதுக்கிய பணம் அரிசியாகவும் அத்தையின் சர்க்கரை நோய் மாத்திரையாகவும் மாறியது. அந்த இரண்டு மாதங்களில் நாங்கள் யாரிடமும் கைநீட்டவில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தத் தாளைப் புதிதாக எழுதுகிறேன். இப்போது அதன் கூட்டுத்தொகை பழைய 96,000 அல்ல. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், அவளுடைய விடுதிக் கட்டணம் பள்ளிக் கட்டணத்தையே சிறிதாக்கிவிட்டது. சென்ற டிசம்பரில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். எங்கள் குளிர்பதனப் பெட்டிக்குப் பதினான்கு வயதாகிறது. அது என்றாவது நின்றுபோகும். அதற்காக மாதம் 500 ரூபாய் ஒதுக்கி வருகிறோம். பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.