பிளக்கைப் பிடுங்காமல் இருந்திருக்கலாம்

பல்லடம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணைக்கும் தோட்டத்து வீட்டுக்கும் நடுவில் 300 மீட்டர் இருக்கும். கேபிள் புதைத்தால் உழவில் அறுந்துபோகும் என்று, இரண்டு பக்கமும் வைஃபை ஆன்டெனா வைத்துப் பண்ணைக் கேமராவை வீட்டில் பார்க்க வழி செய்தேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம், பொழுது சாய்ந்தால் படம் அப்படியே உறைந்து நிற்கும்.

முதலில் பவரைக் கூட்டினேன். பிரயோஜனமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு சேனல் அடைத்துக்கொள்வதோ 20. ஒன்றையொன்று இடிக்காமல் வைக்க 1, 6, 11தான் வழக்கம். நான் காலியாகத் தெரிந்த 4ஐப் பிடித்து, 1, 6 இரண்டோடும் மோதிக்கொண்டிருந்தேன்.

சரி, வீட்டு மாடியில் ஸ்கேன் போட்டால் 11 சுத்தமாக இருந்தது. மாற்றியும் அதே கதை. கடைசியில் லேப்டாப்போடு பண்ணைக்குப் போய், ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பக்கத்துத் தறிக்குடோன் வைஃபை அதே 11இல் முழங்கிக்கொண்டிருந்தது. மாடிக்கு அது கேட்கவே இல்லை. பண்ணை முனையோ அது பேசி முடிக்கட்டும் என்று காத்தே கிடந்திருக்கிறது. ஒரு முனையில் மட்டும் கேட்டுவிட்டுக் காலி என்று முடிவு கட்டியது என் மடத்தனம். அலைவரிசையின் உரிமைக்காரர் இல்லாத நேரம் பார்த்து அதைப் புழங்கும் ரேடியோவுக்குக் காக்னிட்டிவ் ரேடியோ என்று பெயர். அந்த ஆராய்ச்சியிலும் இதே மறைந்த முனைச் சிக்கல்தான் பெரிய தலைவலி.

பிறகு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினேன். நான் எடுத்தது ரேடாரோடு பங்குபோடும் சேனல். ஆன் செய்தால் விளக்கு எரியும், சிக்னல் வராது. ஹேங் ஆகிவிட்டது என்று நாற்பது விநாடியில் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். இப்படி நாலு தடவை! அது 60 விநாடி வாய் திறக்காமல் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலிலிருந்து எண்ண வைத்திருக்கிறேன். ரேடார் கேட்டால் சேனலைக் காலி செய்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கமே திரும்பாது. அந்தக் காக்னிட்டிவ் ரேடியோவுக்கு இது தம்பி முறை. அந்தப் பெயரை ஜோசப் மிட்டோலா 1999இலேயே வைத்துவிட்டார். காலியான டிவி அலைவரிசைக்கென்று 2011இல் 802.22 என்ற தரநிலையும் வந்தது.

அம்மாவின் அப்பாவான அப்பிச்சியிடம் விளக்கினேன். "பரவால்லியே, பங்காளி முறையில மோட்டார் போடாம நிக்குதே" என்றார். எங்கள் கூட்டுக் கிணற்றுச் சண்டை தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

இப்போதும் எப்போதாவது படம் ஒரு நிமிடம் போய் வரும். யாரும் பிடுங்காமலிருக்க பிளக்கின் மேல் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.