புனிதர்களோட கதையில விட்டுப்போனவங்க

ஜனவரி 14
பொங்கலும் கத்தோலிக்கப் புனிதர் தேவசகாயம் திருநாளும் ஒரே நாள்ல, காலையிலயே ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குக் கெளம்பியாச்சு. 1752ல இதே நாள் ராத்திரி அவரைச் சுட்டுக்கொன்ன இடம். மேல மணியடிச்சான் பாறைகிட்ட செம கூட்டம், பசங்க ஆளுக்கொரு கல்லை வச்சுத் தட்டுறாங்க, நெசமாவே வெண்கலச் சத்தம்தான் வருது. அவர் செத்தப்போ உருண்டு விழுந்த பாறைன்னு ஐதீகம். ஒரு பாட்டி, "மக்கா மெல்ல தட்டுடே, பொறத்தால நிக்குதவனுக்கும் இடம் விடு"ன்னு அதட்டிட்டே இருந்தாங்க. வெயில் தாங்கல, சீக்கிரம் எறங்கிட்டோம்.

ஜனவரி 19
சர்ச்ல பசங்களுக்கு நான் எடுக்கற மறைக்கல்வி கிளாஸ்ல இந்த வாரம் தேவசகாயம் கதைதான். நட்டாலத்துல 1712ல நீலகண்டனா பொறந்தது, மார்த்தாண்ட வர்மா அரண்மனையில வேலை, குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சு கேப்டன் டிலனாய் பைபிள்ல யோபு கதையைச் சொன்னது, 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், அப்புறம் எருமை மேல பின்பக்கமா திருப்பி உக்கார வச்சு ஊர் ஊரா இழுத்துட்டுப் போனது எல்லாம் சொன்னேன். எருமை வந்ததும் பசங்க சிரிச்சாங்க, சவுக்கடி வந்ததும் கப்சிப்.

அப்ப ஒரு பொண்ணு, "மிஸ், அவரு வைஃப் என்ன ஆனாங்க?" பார்கவி அம்மாள், ஞானஸ்நானத்துல ஞானப்பூ. புருஷன் போனதுக்கப்புறம் வடக்கன்குளத்துலயே இருந்து அங்கயே செத்துப்போனாங்கன்னேன். "அவங்களும் புனிதரா?" இல்லம்மா.

ஜனவரி 21
அந்தப் பொண்ணு கேட்டது மண்டையில ஓடிட்டே இருக்கு. அல்போன்சா 2008, எவுப்ராசியா 2014, அன்னை தெரசா 2016, மரியம் திரேசியா 2019, நம்ம நாட்டுக் கணக்குல வர்ற பெண் புனிதர்கள் எல்லாருமே கன்னியாஸ்திரிங்க. குடும்பஸ்தர்ல மொத ஆளா 2022ல தேவசகாயம் வந்தாரு. புருஷனைச் சங்கிலியில கட்டி இழுத்துட்டுப் போறதைப் பாத்துட்டு விசுவாசத்தை விடாம இருந்த பொம்பளைக்கு நம்ம புத்தகத்துல ரெண்டு வரி. எனக்கு இது சரியாப் படல, அவ்வளவுதான்.

பிப்ரவரி 3
நாளைக்குப் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாள். லிஸ்பன்ல அரண்மனைப் பிள்ளைங்களோட வளந்த ஆளு, இங்க வந்து கறி மீனை விட்டு, காவி கட்டி, நம்ம ஊர் துறவி மாதிரி பண்டாரசுவாமியா மறவர் நாடு (ராமநாதபுரம் பக்கம்) முழுக்க நடந்திருக்காரு. 1686ல பிடிச்சு சித்திரவதை, அப்புறம் போர்ச்சுகலுக்கு அனுப்பியும் அங்க ராஜா தங்கச் சொல்லியும் கேக்காம திரும்பி வந்துட்டாரு. கடைசி லெட்டரை 1693ல இதே பிப்ரவரி 3ல, கரியைத் தண்ணியில கொழைச்சு வைக்கோல் துரும்பால எழுதினாரு. மறுநாள் ஓரியூர்ல தலை போச்சு. அந்தச் செம்மண்ணை இன்னைக்கும் சனங்க பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டுப் போறாங்க, சாதி மதம் எதுவும் பாக்கறதில்ல.

ஆனா நான் நின்னது கடலாயிகிட்ட. மறவர் இளவரசர் தடியத்தேவர் மதம் மாறினதும், ஒரு பொண்டாட்டியோடதான் வாழணும்னு அருளானந்தர் சொல்ல, மூத்தவளை வச்சுக்கிட்டு மத்தவங்களை அனுப்பிட்டாரு. அதுல கடைசி ஆளு கடலாயி, மறவர் நாட்டு ராஜா சேதுபதியோட சொந்தம், நேரா அவர்கிட்ட போய் முறையிட்டா, அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. பிரசங்கத்துல வருஷா வருஷம் அவ வில்லி. பைபிள்ல திருமுழுக்கு யோவானோட தலையை வாங்க வச்ச ஏரோதியாளோட சேத்து வச்சுப் பேசுவாங்க. ஏங்க, முறைப்படி கட்டிட்டு வந்த வீட்ல இருந்து ஒரு நாள் திடீர்னு வெளிய போன்னா எந்தப் பொண்ணு சும்மா போவா? கொலையை நியாயம்னு சொல்லல. அவ கேட்டது சோத்துக்கும் மானத்துக்கும், அதை வச்சு அரசியல் பண்ணினது அரண்மனை.

பிப்ரவரி 4
காலை பூசை. பிரசங்கத்துல மறுபடி ஏரோதியாள். பக்கத்துல இருந்த அக்காகிட்ட நேத்து யோசிச்சதை மெதுவா சொன்னேன், "அதெல்லாம் வெளிய பேசாத, ஃபாதர் காதுல விழுந்தா கிளாஸை வேற யார்ட்டயாவது குடுத்துருவாரு"ன்னாங்க. குடுத்தா குடுக்கட்டும். ஞாயித்துக்கெழமை பசங்களுக்கு அருளானந்தர் கதை சொல்றப்ப கடலாயியையும் சேத்துதான் சொல்லப்போறேன், அந்தப் பொண்ணு எப்படியும் கேப்பா.